சந்தை நேரமும் வயலின் மூலையும்: பரப்பைக் கொண்டு நிகழ்தகவு காணும் முறை

பகடையில் ஆறு முகங்கள் உண்டு, சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள் உண்டு. இத்தகைய கணக்குகளில் சாதகமான விளைவுகளை எண்ணி, மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நிகழ்தகவு கிடைத்துவிடும். ஆனால் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒருவர் வந்துசேரும் கணத்தையோ, ஒரு வயலுக்குள் குறிக்கப்படும் புள்ளியையோ எண்ணி முடிக்க இயலாது. அங்கே எண்ணிக்கை வகித்த இடத்தை அளவு எடுத்துக்கொள்கிறது: மாறி ஒன்றானால் நீளம், மாறிகள் இரண்டானால் பரப்பு. சாதகமான பகுதியின் பரப்பைக் கூறுவெளியின் பரப்பால், அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளும் அடங்கிய பகுதியின் பரப்பால், வகுத்துப் பெறும் ஈவே வடிவியல் நிகழ்தகவு எனப்படும்.

தேவையான கோட்பாடு இவ்வளவே. இக்கணக்குகளில் தவறுவோர் பெரும்பாலும் பரப்பைக் கணக்கிடுவதில் தவறுவதில்லை. எந்தப் படத்தை வரைவது, அந்தப் படத்தில் ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது என்பதைத் தீர்மானிக்காமலே பெருக்கத் தொடங்குவதால்தான் தவறுகின்றனர். ஆகவே இந்த இயல் பரப்பு காண்பதைவிட, பரப்பு காண்பதற்கு முந்தைய வேலைக்கே அதிக இடம் தருகிறது.

செய்முறை வரிசை

1. தற்செயலாக மாறும் அளவுகள் எத்தனை என்று முதலில் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் அலகும் தர வேண்டும். இரண்டு என்றால் ஆயத்தளம் போதும்.
2. ஒவ்வொரு மாறியும் எந்த எல்லைக்குள் அமையும் என்பதை எழுத வேண்டும். இவ்விரண்டு எல்லைகளும் சேர்ந்து வரையும் செவ்வகமே கூறுவெளி.
3. அந்தச் செவ்வகத்தின் எல்லாப் பகுதிகளும் சமவாய்ப்புடையனவா, அதாவது சம பரப்புள்ள எந்த இரு துண்டுகளிலும் புள்ளி விழும் வாய்ப்பு சமமா என்று சோதிக்க வேண்டும். இல்லையெனில் வெறும் பரப்பை வகுத்துப் பெறும் விடை பயன்படாது.
4. கேட்கப்பட்ட நிகழ்ச்சியை மாறிகளின் அசமன்பாடாக மாற்றி எழுத வேண்டும்.
5. அசமன்பாட்டின் எல்லைக்கோடுகளை வரைந்து, அவை செவ்வகத்தின் பக்கங்களை வெட்டும் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் குறிக்க வேண்டும்.
6. ஒரு சோதனைப் புள்ளியைக் கொண்டு எந்தப் பக்கம் சாதகமானது என்று உறுதிசெய்து, அப்பக்கத்தை நிழலிட வேண்டும்.
7. நிழலிட்ட பகுதி, நிழலிடாத பகுதி ஆகியவற்றில் எதன் பரப்பு எளிதோ அதைக் கண்டு, மற்றதைக் கழித்தலால் பெற வேண்டும்.

*குறிப்பு:* வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 10 நிமிடம் என அளவுத்திட்டம் கொண்டால் ஒரு மணி நேரம் 6 செ.மீ. ஆகும், கணக்கில் ஐயம் எழும்போது சிறு கட்டங்களை எண்ணியே விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் கணக்கு: ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை

வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. மலையூரிலிருந்து ஆடு ஓட்டிவரும் ஒருவரும் அதை வாங்க வரும் வியாபாரி ஒருவரும் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாமல், ஏதோ ஒரு கணத்தில் சந்தைக்கு வந்துசேர்கின்றனர் என்றும், முதலில் வந்தவர் 15 நிமிடம் மட்டும் காத்திருந்துவிட்டு அகன்றுவிடுவார் என்றும் கொண்டால், இருவரும் சந்திப்பதற்கான நிகழ்தகவு என்ன?

6 மணிக்குப் பின் மலைக்காரர் வரும் நிமிடத்தை ‘ம’ என்றும், வியாபாரி வரும் நிமிடத்தை ‘வி’ என்றும் குறித்து, முதலாவதைக் கிடையச்சிலும் இரண்டாவதைக் குத்தச்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் 0 முதல் 60 வரை மாறுவதால் கூறுவெளி 60 × 60 = 3600 சதுர அலகு கொண்ட சதுரம். இந்தச் சதுரத்திலுள்ள ஒரு புள்ளி ஒரு வெள்ளிக்கிழமைக் காலையைக் குறிக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது: (10, 40) என்ற புள்ளி, மலைக்காரர் 6.10க்கும் வியாபாரி 6.40க்கும் வந்த காலை.

இருவரும் சந்திக்க வேண்டுமானால் வருகை நேரங்களின் வித்தியாசம் 15ஐத் தாண்டக் கூடாது. அதாவது வி ≤ ம + 15, வி ≥ ம − 15 ஆகிய இரண்டும் ஒருங்கே பொருந்த வேண்டும். இவ்விரு எல்லைக்கோடுகளும் மூலைவிட்டத்துக்கு இணையாக ஒரு பட்டையை உண்டாக்குகின்றன. பட்டையின் பரப்பை நேராகக் காண்பதைவிட, அதற்கு மேலும் கீழும் எஞ்சும் இரு செங்கோண முக்கோணங்களைக் காண்பது எளிது. ஒவ்வொன்றின் செங்கோணப் பக்கங்களும் 45; இரண்டும் சேர்ந்து 45 × 45 = 2025. ஆகவே பட்டையின் பரப்பு 3600 − 2025 = 1575; நிகழ்தகவு 1575 ÷ 3600 = 7/16, அதாவது ஏறத்தாழ 0.44.

*அடிக்கடி நேரும் தவறு:* ஒரு மணியில் 15 நிமிடம் கால் பங்கு என்பதால் விடை 1/4 என்று எழுதிவிடுவது. வித்தியாசம் இரு திசையிலும் அமையலாம் என்பதை அவ்விடை மறந்துவிடுகிறது. இரு திசையையும் சேர்த்து 1/2 என்று எழுதுவதும் தவறே, 6.05க்கு வருபவருக்கு முன்னால் 15 நிமிடம் இல்லை என்பதைச் சதுரத்தின் மூலைகள் தாமே வெட்டிக் காட்டிவிடுகின்றன.

காத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறினால்

மலைக்காரர் 20 நிமிடமும் வியாபாரி 10 நிமிடமும் காத்திருப்பர் எனில் பட்டை மூலைவிட்டத்தின் இருபுறமும் சமமாக இராது. மலைக்காரர் முதலில் வந்தால் வி, ம + 20ஐத் தாண்டக் கூடாது. வியாபாரி முதலில் வந்தால் ம, வி + 10ஐத் தாண்டக் கூடாது. மேல் முக்கோணத்தின் பக்கம் 40, பரப்பு 800. கீழ் முக்கோணத்தின் பக்கம் 50, பரப்பு 1250. சாதகமான பரப்பு 3600 − 2050 = 1550; நிகழ்தகவு 31/72, ஏறத்தாழ 0.43.

இங்கே எந்த எண் எந்தக் கோட்டுக்கு உரியது என்பதில் குழப்பம் வரும். சோதனைப் புள்ளியே அதற்கு மருந்து: (0, 18) என்ற காலையில் மலைக்காரர் 6 மணிக்கே வந்து 18 நிமிடம் காத்திருக்கிறார், அவர் 20 நிமிடம் நிற்பவர் ஆதலால் சந்திப்பு நிகழ்கிறது, ஆகவே அப்புள்ளி நிழலுக்குள் விழ வேண்டும். விழவில்லையெனில் கோடுகள் இடம் மாறிவிட்டன.

செவ்வகம் சதுரமாக இல்லாதபோது

வியாபாரி 6 மணிக்கும் 6.40க்கும் இடையில் மட்டுமே வருவார், மலைக்காரர் முன்போல் 7 மணி வரை எப்போது வேண்டுமானாலும் வருவார், இருவரும் 15 நிமிடம் காத்திருப்பர் என்று கொண்டால் கூறுவெளி 60 × 40 = 2400 ஆகும். இந்த இடத்தில்தான் மிகுதியானோர் இடறுகின்றனர். முந்தைய கணக்கின் பழக்கத்தில் இரண்டு முக்கோணங்களைக் கழித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர்.

ஐந்தாம் படியில் சொல்லப்பட்டவாறு வெட்டுப்புள்ளிகளைக் குறித்தால் உண்மை தெரியும். மேல் கோடு இடப்பக்கத்தை (0, 15)இலும் மேல்பக்கத்தை (25, 40)இலும் வெட்டுகிறது. எனவே மேல் மூலையில் எஞ்சுவது பக்கம் 25 கொண்ட முக்கோணம், பரப்பு 312.5. கீழ்க்கோடோ அடிப்பக்கத்தை (15, 0)இல் வெட்டி, வலப்பக்கத்தை அடையும் முன்பே மேல்பக்கத்தை (55, 40)இல் வெட்டிவிடுகிறது. ஆகையால் கீழே எஞ்சுவது முக்கோணமன்று, சரிவகம்: இணைப்பக்கங்கள் 45, 5; உயரம் 40; பரப்பு (45 + 5) ÷ 2 × 40 = 1000. சாதகமான பரப்பு 2400 − 1312.5 = 1087.5, நிகழ்தகவு 29/64, ஏறத்தாழ 0.45.

பேருந்து நேரம் குறுக்கிட்டால்

மேற்கண்ட விடைகள் யாவும் மூன்றாம் படியின் மீது நிற்கின்றன. முதல் கணக்கில் மலையிலிருந்து வருபவர் குறித்த நேரப் பேருந்தில் வருகிறார், அது 6.20க்கு வந்து நிற்கிறது என்றால் ‘ம’ மாறியே அன்று. படம் ஒரு கோட்டுத்துண்டாகச் சுருங்குகிறது. வியாபாரி 6.05க்கும் 6.35க்கும் இடையில் வந்தால் சந்திப்பு நிகழும் என்பதால் விடை 30 ÷ 60 = 1/2. பேருந்து 6 மணிக்கே வந்துவிட்டால் வியாபாரிக்கு 15 நிமிட இடைவெளிதான் உண்டு, விடை 1/4.

அதேபோல், நல்ல ஆடுகள் விற்றுத் தீர்வதற்கு முன் வந்துவிட வேண்டும் என்று இருவருமே முதல் அரைமணிக்குள் வந்துவிடுவார்களானால் கூறுவெளி 30 × 30 ஆகக் குறைந்து, நிகழ்தகவு 1 − (15 × 15) ÷ (30 × 30) = 3/4 ஆக உயர்கிறது. ஒரே காத்திருப்பு நேரத்துக்கு 7/16உம் 3/4உம் கிடைப்பது கணிதத்தின் குறையன்று. வருகை எவ்வாறு பரவியிருக்கிறது என்ற தகவலை எவரும் பரப்பிலிருந்து கறந்தெடுக்க முடியாது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

இதை மிகக் கூர்மையாக எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்த்ராண். ஒரு வட்டத்தில் தற்செயலாக வரையப்படும் நாண், அவ்வட்டத்துள் வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீளமாக இருக்க நிகழ்தகவு என்ன என்று 1889இல் அவர் வினவினார். நாணின் முனைகளைப் பரிதியில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால் 1/3, ஆரத்தின் மீது மையத்திலிருந்து உள்ள தூரத்தைத் தேர்ந்தெடுத்தால் 1/2, நடுப்புள்ளியை வட்டப் பரப்புக்குள் தேர்ந்தெடுத்தால் 1/4 என மூன்று விடைகளும் பிழையின்றிக் கிடைக்கின்றன. ‘தற்செயலாக’ என்ற சொல்லை மட்டும் தந்து, எது சமமாகப் பரவியது என்று சொல்லாத வினாவுக்கு விடையெழுதத் தொடங்கக் கூடாது.

வயலுக்குள் ஆயத்தளம்: பயிர் அறுவடைப் பரிசோதனை

இம்முறை பாடநூலோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இந்தியாவின் விளைச்சல் மதிப்பீடே சான்று. ஹப்பேக் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி பீகார்-ஒரிசா மாகாண நெல் விளைச்சலைத் தற்செயல் மாதிரிகளால் மதிப்பிட்ட ஆய்வு 1927இல் வெளிவந்தது. வங்காளச் சணல் சாகுபடிப் பரப்பை அளக்கப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களின் பிற்பகுதியில் நில வரைபடத்தின் மீது தற்செயல் கட்டங்களை இட்டார். பின்னர் புள்ளியியலாளர் சுகாத்மேயின் பணியால் செம்மைப்பட்ட பயிர் அறுவடைப் பரிசோதனை, 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டுக்கு அடிப்படையான விளைச்சலைக் கணிக்கவும் பயன்பட்டது. ஓர் உழவருக்குக் கிடைக்கும் தொகை, வயலில் ஒரு சதுரம் எங்கே விழுகிறது என்பதோடு தொடர்புடையது. ஆகவே இக்கணக்கை உழவரும் அறிந்திருப்பது நியாயம்.

நெல் வயலில் இப்பரிசோதனைக்கான அறுவடை 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நடைபெறும். வயலின் தென்மேற்கு மூலையே ஆதிப்புள்ளி; நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக இரண்டு தற்செயல் எண்கள் எடுக்கப்பட்டு, அவ்வளவு தூரம் அளந்து சென்று சேரும் இடத்தில் சதுரத்தின் தென்மேற்கு மூலைக்கான முளைக்குச்சி அறையப்படும். மற்ற மூன்று முளைகளையும் அறைந்து கயிறு கட்டியபின் மூலைவிட்டத்தை அளந்தால் 7.07 மீட்டர் இருக்க வேண்டும். இல்லையெனில் சதுரம் சாய்சதுரமாகச் சாய்ந்து, பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறைந்துவிட்டது என்று பொருள்.

ஒடுகத்தூர்ப் பக்கம் 40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வக வயல் இருப்பதாகக் கொள்வோம். சதுரம் முழுவதும் வயலுக்குள் அடங்க வேண்டுமாதலால் அதன் தென்மேற்கு மூலை நீளவாக்கில் 0 முதல் 35 வரையும் அகலவாக்கில் 0 முதல் 25 வரையும்தான் அமையலாம். ஆகவே கூறுவெளி 35 × 25 = 875; வயலின் பரப்பான 1200 அன்று. இவ்வியலில் நினைவில் வைத்தே ஆக வேண்டிய வரி இதுவே: தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவது எந்தப் புள்ளியோ, அப்புள்ளி உலவக்கூடிய இடமே கூறுவெளி.

*வினா 1.* சதுரம் நான்கு வரப்புகளிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி அமைய நிகழ்தகவு என்ன? மூலை நீளவாக்கில் 3 முதல் 32 வரையும் அகலவாக்கில் 3 முதல் 22 வரையும் அமைய வேண்டும். 29 × 19 = 551; விடை 551/875, ஏறத்தாழ 0.63. நடைமுறையில் தற்செயல் எண்கள் முழு மீட்டராக, 0 முதல் 35 வரை, 0 முதல் 25 வரை எடுக்கப்படுமானால் பரப்புக்குப் பதில் புள்ளிகளை எண்ண வேண்டும்: 30 × 20 = 600, மொத்தம் 36 × 26 = 936; விடை 0.64. இரண்டும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல.

*வினா 2.* வயலின் நடுவில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட தூர் அறுவடைச் சதுரத்துக்குள் அகப்பட நிகழ்தகவு என்ன? தூர் (20, 15)இல் இருப்பின், மூலை 15க்கும் 20க்கும் இடையிலும் 10க்கும் 15க்கும் இடையிலும் அமைந்தால் போதும்; 25/875 = 1/35. தென்மேற்கு மூலையருகே (1, 1)இல் நிற்கும் தூருக்கோ மூலைப்புள்ளி உலவ ஒரு சதுர மீட்டரே உண்டு, விடை 1/875. இந்த மூலைத் தூருக்கு நடுவயல் தூரின் வாய்ப்பில் 25இல் ஒரு பங்கே உள்ளது. வயல் முழுவதுக்குமான சராசரி 25/1200 = 1/48 என்பது சரியானதே; ஆனால் அதை ஒவ்வொரு தூருக்கும் பொருத்துவது தவறு. வரப்போரம் எலி கடித்தோ, மரநிழல் படிந்தோ விளைச்சல் குன்றியிருந்தால், அந்தக் குறைவு மாதிரியில் முழுமையாகத் தெரியாமல் போகலாம் என்பது இதிலிருந்து பெறப்படும் நடைமுறைச் செய்தி.

*வினா 3.* வயலின் நடுவே 3 மீட்டர் ஆரமுள்ள வட்டக் கிணறு இருப்பின், சதுரம் அதன் மேல் படிய நிகழ்தகவு என்ன? கிணற்றின் பரப்பை வயலின் பரப்பால் வகுத்து 0.024 என்று எழுதுவது, ஒரு புள்ளி கிணற்றில் விழும் நிகழ்தகவைத் தரும், சதுரம் புள்ளியன்று. மூலைப்புள்ளி எங்கெங்கே நின்றால் சதுரம் கிணற்றைத் தொடும் என்று வரைந்தால், 5 மீட்டர் சதுரம் ஒன்றும், அதன் நான்கு பக்கங்களிலும் 5 × 3 செவ்வகங்களும், நான்கு மூலைகளிலும் 3 மீட்டர் ஆரமுள்ள கால்வட்டங்களும் சேர்ந்த முனை மழுங்கிய சதுரம் கிடைக்கும். பரப்பு 25 + 60 + 28.27 = 113.27, நிகழ்தகவு 113.27 ÷ 875, ஏறத்தாழ 0.13. முதல் விடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

*குறிப்பு:* எல்லை வளைகோடாக அமைந்து, அதைத் தெரிந்த வடிவங்களாகப் பிரிக்க இயலாதபோது தொகையிடல் தேவைப்படும். 1777இல் பூஃபோன் வெளியிட்ட ஊசிக் கணக்கு அவ்வகையின் முதல் எடுத்துக்காட்டு.

விடையைச் சரிபார்த்தல்

1. கணினி விரிதாளில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தற்செயல் எண்ணைத் தரும் சார்பை 60ஆல் பெருக்கி, இரண்டு நெடுவரிசைகளில் 1000 நிரைகளுக்கு இட வேண்டும்.
2. மூன்றாம் நெடுவரிசையில் வித்தியாசம் 15க்குள் இருந்தால் 1, இல்லையெனில் 0 என்று பெற வேண்டும்.
3. மூன்றாம் நெடுவரிசையின் சராசரியைக் கணக்கிட்ட விடையோடு ஒப்பிட வேண்டும்.

விடை 7/16 ஆக இருக்கையில் 1000 முயற்சிகளுக்குத் திட்டப்பிழை, அதாவது சராசரி தற்செயலாக விலகும் அளவு, 0.016 அளவினது, ஆகவே சராசரி 0.41க்கும் 0.47க்கும் இடையில் வருவதே இயல்பு, துல்லியமாக 0.4375 வரவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 100 முயற்சிகளோடு நிறுத்தினால் திட்டப்பிழை 0.05 ஆகிவிடும், 7/16ஐயும் 1/2ஐயும் வேறுபடுத்திக் காட்ட அது போதாது.

வயலில் செய்து பார்ப்போருக்கு

உரியவரிடம் கேட்டுக்கொண்டு, அறுவடை முடிந்த நிலத்தில் செய்வதே பயிருக்கும் நல்லது, செய்பவருக்கும் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து இடம் தெரிவு செய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்: அருகில் நிற்பவர் மீது படும் ஆபத்து ஒருபுறமிருக்க, எறிபவரின் கை வயலின் நடுவையே நாடும் என்பதால் மூன்றாம் படியின் நிபந்தனை குலைந்துவிடும். நெல்தாளின் அடிக்கட்டை நிற்கும் நிலத்தில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கக்கூடும் ஆதலால் மூடிய காலணி அணிந்து, முளை அறையும் இடத்தை முதலில் குச்சியால் விலக்கிப் பார்த்தபின் கை வைக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு உள்ள நிலத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கவே கூடாது. சிறுவர்களோடு செய்வதானால், வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நன்று.

பயிற்சி

1. இருவரும் 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வருகின்றனர். சந்திப்பின் நிகழ்தகவு சரியாக 1/2 ஆக வேண்டுமானால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?
2. 10 அடி மூங்கில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் வெட்டப்படுகிறது. மூன்று துண்டுகளும் ஒரு முக்கோணமாக இணைய நிகழ்தகவு என்ன?
3. 50 மீட்டருக்கு 20 மீட்டர் வயலில் 5 மீட்டர் சதுரம் குறிக்கப்படுகிறது. நடுவயல் தூர் ஒன்று அதில் அகப்பட நிகழ்தகவு என்ன? வயலின் சராசரி என்ன?

*விடைகள்:* (1) எஞ்சும் இரு முக்கோணங்களும் சேர்ந்து 1800 ஆக வேண்டும் என்பதால் பக்கம் 42.43, காத்திருப்பு ஏறத்தாழ 17½ நிமிடம். (2) எந்தத் துண்டும் 5 அடியை எட்டக் கூடாது; 10 × 10 சதுரத்தில் பக்கம் 5 கொண்ட இரு செங்கோண முக்கோணங்களே சாதகமானவை; 25/100 = 1/4. (3) கூறுவெளி 45 × 15 = 675; நடுவயல் தூருக்கு 25/675 = 1/27, சராசரி 25/1000 = 1/40.